கஞ்சியில் கரைத்த பாதி மாத்திரை

பாப்பாவுக்கு முதல் தடவை வயிற்றுப்போக்கு நின்றது ஜிங்க் மாத்திரையாலா, இல்லை தானாகவே நின்றதா? நேற்றுச் சாயங்காலம் நாவலூரில் உன் வீட்டு பால்கனியில் நின்றுகொண்டு நீ என்னைக் கேட்ட கேள்வி இது. எனக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிறவள் என்று நீயும் உன் அப்பாவும் கேலி செய்கிற நான், ஒரு வார்த்தை பதில் சொல்ல வராமல் கீழே தண்ணீர் லாரி திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் உன் மேல் கோபம். இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகும் அது போகவில்லை. அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். உன்னுடைய அந்தச் "சரி"தான் இவ்வளவுக்கும் காரணம்.

நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. ஆனால் உன் வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். முழுசாகத் தெரிந்தவன் நீ ஒருவன், நேற்றிலிருந்து நானும். போன மாதம் பாப்பாவுக்குப் பேதி ஆனது. பதினோரு மாதக் குழந்தை, துவண்டு போய்விட்டாள். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது, தினம் ஒரு ஜிங்க் மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். பேதி நின்றுவிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை அவர் இரண்டு தரம் சொன்னதாக நிவேதா என்னிடம் சொன்னாள். இதில் புரியாதது என்ன இருக்கிறது? புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு இன்ஜினியர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் பேதி நின்றது. அப்போதுதான் உன் மாமனார் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். நிவேதா வேலைக்குத் திரும்பியதிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிற தன் வீட்டை விட்டு வந்து உங்களோடு தங்கி, பேத்தியைப் பார்த்துக்கொள்கிற மனிதர். மனைவி போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குழந்தைக்கு ஏப்பம் விட வைக்கிறார். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முப்பது வருடம் மறைமலை நகரில் கால்வனைசிங் செய்யும் கம்பெனியில் இருந்தவர். அங்கே ஜிங்க் என்றால் துத்தநாகம். பெரிய தொட்டியில் உருக்கி வைத்து, துருப்பிடிக்காமல் இருக்க இரும்புச் சாமானை அதில் முக்கி எடுப்பார்கள். அவர் உன்னிடம் கேட்டது நியாயமாகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். "இன்னா மாப்ள இது, ஜிங்க்னு போட்டுகீது? எங்க தொட்டியில கொதிச்சுகினு இருக்குமே, அதா? அந்தப் புகை மூக்குல ஏறினா சாயங்காலம் குளிர் ஜுரம் ஆளையே தூக்கிப் போடும். அதைப் போய்க் கொழந்தைக்குக் குடுக்கிறீங்களே."

அவர் பயம் கற்பனை இல்லை. கூட வேலை செய்தவர்கள் நடுங்கிப் படுத்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் உருகின உலோகத்தின் புகையை நெஞ்சு நிறைய இழுப்பதும், அதே தனிமம் ஒரு உப்பாக, துளி அளவில், டாக்டர் சொன்ன கணக்கில் வயிற்றுக்குள் போவதும் ஒன்றா? அதே தொட்டியில் இரும்பும்தான் முங்கி எழுந்தது. நிவேதா உண்டாகியிருந்தபோது மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாள். என் பெண்ணுக்குத் தண்டவாளத்தை உரசிக் கொடுக்கிறார்களே என்று அவர் அப்போது கேட்கவில்லை. இதை நீ அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். சொன்னால் புரிந்துகொள்ளாத ஆள் இல்லை அவர். அல்லது டாக்டருக்கு ஒரு போன் போட்டு அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம்.

நீ செய்தது என்ன? டாக்டர் சொன்னபடி முழு மாத்திரை கொடுக்க வேண்டும் என்கிறாள் நிவேதா. ஒன்றுமே கூடாது என்கிறார் அவள் அப்பா. நீ மாத்திரையைப் பாதியாக உடைத்தாய். அதையும் யார் கண்ணிலும் படாமல், காலையில் நீ காய்ச்சுகிற கேழ்வரகுக் கஞ்சியில் கரைத்து, பிளாஸ்க்கில் ஊற்றி மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போனாய். மனைவியிடம் மாத்திரை நடக்கிறது என்றாய். மாமனாரிடம் நிறுத்திவிட்டேன் என்றாய். வீட்டில் சத்தம் இல்லை. எந்த மாத்திரை வேண்டாம் என்று சொன்னாரோ அதையே அந்த மனிதர் தன் கையால் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தார்.

நீ பத்தாவது படிக்கும்போது கணக்கு டியூஷனுக்கு அப்பா சொன்ன சாரிடம் போவதா, நான் சொன்ன மிஸ்ஸிடம் போவதா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் நீ இரண்டு இடத்திலும் சேர்ந்தாய். செவ்வாய் வியாழன் அங்கே, மற்ற நாள் இங்கே. ஒரு இடத்தில் முக்கோணவியல் பாதி நடந்தபோது இன்னொரு இடத்தில் இருந்தாய். அங்கே அது முடிந்த பிறகு இங்கே வந்தாய். அரையாண்டில் அந்தப் பாடத்தில் மட்டும் கோட்டை விட்டாய். அப்போது உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் யாரையும் கஷ்டப்படுத்த மாட்டான்" என்று பெருமையாக வேறு சொன்னார். எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை. யாரையும் கஷ்டப்படுத்தாதவனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருப்பார்கள். இந்தத் தடவை அது பேசத் தெரியாத ஒரு குழந்தை.

இரண்டு பேர் சண்டை போட்டால் உண்மை நடுவில்தான் இருக்கும் என்று உனக்கு யார் சொன்னது? வகுப்பில் சராசரி என்ற பாடத்தை எடுக்கும்போது, எதற்கெல்லாம் சராசரி எடுக்கக் கூடாது என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். டாக்டரின் சொல்லையும் தாத்தாவின் பயத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது மருந்தின் அளவா? போதாததற்கு அந்தப் பாதியும் பிளாஸ்க் முழுக்கப் பரவிக் கிடந்தது. குழந்தை நாலு ஸ்பூன் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பினால், பாதியில் எத்தனை பங்கு உள்ளே போயிருக்கும்? மீதி சிங்க்கில் போனது. உன் வீட்டுக் குழாய்க்கு எந்தச் சத்தும் குறைவில்லை.

பேதி நின்ற பிறகு எதற்கு மாத்திரை என்று நீ கேட்டாய். இதற்குப் பதில் எனக்குத் தெரியும், படித்துப் பார்த்தேன். பேதியோடு உடம்பிலிருந்து ஜிங்க்கும் வெளியே போகிறது. அது எடுத்து வைத்துக்கொண்டு செலவழிக்கிற மாதிரி உடம்பில் சேமிப்பாக இருப்பதில்லை. வேண்டியது சாப்பாட்டிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். குடலின் உள்தோல் புதிதாக வளர்வதற்கும், கிருமியோடு மல்லுக்கு நிற்பதற்கும், குழந்தை வளர்வதற்குமே அது தேவை. மழை விட்டதும் நம் செம்பாக்கம் ரோட்டுப் பள்ளங்கள் தானாக மூடிக்கொள்கின்றனவா? தண்ணீர் வடிவது வேறு, ரோடு போடுவது வேறு. அந்த இரண்டு வாரம் ரோடு போடுவதற்கு. கேழ்வரகு நல்ல சாப்பாடுதான், ஆனால் தானியங்களில் இருக்கிற ஒரு பொருள் ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டு முழுசாக உடம்பில் சேர விடாது. முளைகட்டி அரைத்தால் அது குறையும். மாத்திரையை ஒளித்து வைக்க நீ தேடிப் பிடித்த இடம் அது.

அதற்கப்புறம் நடந்ததில்தான் எனக்கு மனசு ஆறவே இல்லை. பாப்பா கஞ்சியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் ஸ்பூனைக் கண்டாலே. எடை இறங்கியது. உன் மாமனார், அம்மா இல்லாமல் குழந்தை ஏங்குகிறது, என் கை அதற்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஊருக்கே போய்விடுகிறேன் என்று என்னிடம் போனில் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை. நிவேதா வேலையை விடுவதற்கு மெயில் எழுதி டிராப்டில் வைத்துக்கொண்டாள். இதற்கு நடுவில் இரண்டாவது முறை பேதி. மறுபடி டாக்டர். போன தடவை கொடுத்த மாத்திரையை முழுசாக முடித்தீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நிவேதா உட்கார்ந்திருந்ததால், நீ முடித்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறாய். அவர் என்ன செய்வார்? எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தும் இப்படி என்றால் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பார். மறுபடி இரண்டு வாரம் மாத்திரை, திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையும் பாதியாகக் கஞ்சிக்குள்தான் போனது. உன் ஒரு பொய்க்காக அந்தக் கையில் நரம்பு தேடிக் குத்தப் போகிறார்கள்.

நேற்று நான் வந்தது தற்செயல் இல்லை. அவர் குரல்தான் என்னை வரவைத்தது. பாப்பாவை மடியில் வைத்து நானே கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் ஸ்பூன் வாய்க்குள் போனது, அப்படியே என் புடவையில் திரும்பி வந்தது. குழந்தைக்குக் கொடுப்பதை உங்கள் மூன்று பேரில் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. நான் வைத்துப் பார்த்தேன். முதலில் இனிப்பு, லேசாக வெனிலா வாசனை, மாத்திரையில் சேர்க்கிற வாசனை அது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்தபடி நாக்கின் பின்பக்கம், ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் மாதிரி ஒரு ருசி. மாவு எங்கே அரைத்தது என்று கேட்டேன், பிளாஸ்க் பழசா என்று கேட்டேன். உன் மாமனார் பதறிப்போய், பிளாஸ்க் புதுசு சம்பந்தியம்மா, நான் தினம் வெந்நீர் ஊற்றித்தான் கழுவுகிறேன் என்றார். நீ மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த முகம் எனக்குத் தெரியும். டியூஷன் முகம்.

பால்கனியில் எல்லாவற்றையும் சொன்னாய். "சண்டை வேணாம்னு பார்த்தேம்மா." சொல்லிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாய். முதல் தடவை நின்றது மாத்திரையாலா, தானாகவா. முழுசாகக் கொடுத்திருந்தால் இரண்டாவது முறை வந்திருக்காதா.

என் பதிலை இப்போது எழுதுகிறேன். நிறைய குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஜிங்க் கொடுத்து, இன்னொன்றுக்குக் கொடுக்காமல் பார்த்திருக்கிறார்கள். கொடுத்த கூட்டத்தில் பேதி சீக்கிரம் நின்றது, அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதும் குறைந்தது. எல்லா ஊரிலும் எல்லா வயதிலும் ஒரே அளவுக்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பாப்பாவுக்கு? அவளுக்கு மாத்திரை கொடுத்து, அதே நாளில் அதே பாப்பாவுக்குக் கொடுக்காமலும் பார்த்தால்தான் தெரியும். அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அதனால் தெரியாது. உனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால், தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நீ நினைப்பதாகத் தெரிகிறது. தெரியாத இடத்தில்தான், பல குழந்தைகளைப் பார்த்தவர்கள் சொன்னதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் செய்யவில்லை என்று டாக்டரிடம் சொல்லவாவது வேண்டும். எனக்குத் தெரியவில்லை என்று நான் சொன்னதால் உன் தப்பு பாதியாகிவிடாது.

இன்னொன்று. உன் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் ஒரு அம்மா, குழந்தைக்கு எதிர்ப்புச் சக்திக்கும் உயரத்துக்கும் தினமும் ஜிங்க் மிட்டாய் கொடுப்பதாகப் போட்டிருந்ததை நேற்று என்னிடம் காட்டினாய். விட்டதைப் பிடித்துவிடலாம் என்று உன் கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது. அது வேண்டாம். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் ஊட்டினால் உடம்பில் செம்புச் சத்து சேர்வது தடைபடும். உன் மாமனாருக்கு அது விஷம், அந்த அம்மாவுக்கு அது அமிர்தம். இதற்கும் ஒரு சராசரி எடுத்துவிடாதே. பேதி சரியானதும் முட்டை கொடு, பருப்பைக் குழைத்துக் கொடு, நிவேதா வீட்டு வழக்கப்படி கறியை நன்றாக வேகவைத்து மசித்துக் கொடு. நாங்கள் சைவம் என்று என்னைப் பார்த்துத் தயங்காதே. எனக்காக நீ இதுவரை தயங்கியதெல்லாம் போதும்.

நாளைக்கு டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் உன் மாமனாரிடமும் நிவேதாவிடமும் நீயே சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அது மாமியார் மருமகள் கதையாகிவிடும். நீ வழக்கம்போல நடுவில் நின்றுகொள்வாய். உள்ளே போனதும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் உன்னைத் திட்டலாம். நிவேதா ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். இருபத்தேழு வயதில் அதையெல்லாம் தாங்கலாம். குழந்தை இதற்கு மேல் தாங்காது. நான் காலையில் லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.

*

இனி எழுதுவது மறுநாள் நடந்தது. இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீயே சொல்லிவிட்டதால் இதையும் சேர்க்கிறேன்.

டாக்டர் அறை வாசலில், செருப்பு கழற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு சொன்னாய். நிவேதா பாப்பாவை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். உன் மாமனார் கேட்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும் மாப்ள? நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதுக்குப் பயந்து கொழந்தை சோத்துல கைவைப்பியா?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். டாக்டரம்மா திட்டவில்லை. கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். ரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாம், இரண்டு வாரம் முழு மாத்திரை, ஸ்பூனில் தனியாக, சாப்பாட்டில் கலக்கவே கூடாது, அடுத்த வாரம் எடை பார்ப்போம், ஏறவில்லை என்றால் அப்போது ரத்தம் எடுக்கலாம் என்றார். தொட்டிப் புகையைப் பற்றி உன் மாமனார் அவரிடமே கேட்டார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். இவருக்குப் பாதிதான் சமாதானம் ஆனது என்பது முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நீ மாத்திரையை ஸ்பூனில் கரைத்தாய். அவர் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "எங்க கம்பெனில தொட்டிகிட்ட மூச்சு வுட்டா இதே ருசிதான்" என்றார். ஆனால் பாப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டது அவர்தான். உள்ளே கொஞ்சம் போனது, மோவாய் வழியாக மீதி வழிந்தது. வழிந்ததை நீ ஸ்பூனாலேயே வழித்து மறுபடி ஊட்டினாய். அதிலும் கொஞ்சம் அவர் சட்டையில் விழுந்தது. அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப உள்ள போனது பாதியா, முழுசா சம்பந்தியம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நிவேதாவுக்குச் சிரிப்பு வந்தது. உன்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

நீ புதிதாகக் கஞ்சி காய்ச்சினாய், எதுவும் கலக்காமல், எல்லோரும் பார்க்க. பாப்பா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தாத்தா ஒரு ஸ்பூன் தன் வாயில் போட்டுக்கொண்டு சப்புக்கொட்டிக் காட்டினார். உற்றுப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. நிவேதாவின் மெயில் இன்னும் டிராப்டில்தான் இருந்தது. அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. கஞ்சி ஆறி ஆடை கட்டிய பிறகு உன் மாமனார் இட்லித் தட்டோடு தரையில் உட்கார்ந்தார். பாப்பா தவழ்ந்து போய் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தாள். அதைத் தன் கையாலேயே வாயில் வைத்துக்கொண்டாள்.